36 மணி நேரத்தில் எவ்வளவு ஆங்கிலம்: பணியாளர் வகுப்பு ஒன்றின் பாடத்திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மருத்துவமனை. வரவேற்பு மேசை, பில்லிங், வார்டு உதவி ஆகிய மூன்று பிரிவுகளில் வேலை பார்க்கும் 16 பேருக்கு ஆங்கில வகுப்பு நடத்த வேண்டும். எல்லாருக்கும் தாய்மொழி தமிழ். எல்லாரும் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள்தான். படிவம் நிரப்புவார்கள், பெயர்ப்பலகை வாசிப்பார்கள், வாயைத் திறக்கத்தான் தயங்குவார்கள். வாரம் 2 வகுப்பு, வகுப்புக்கு 90 நிமிடம், 12 வாரம். நிர்வாகம் கொடுத்த குறிப்பு ஒரே வரி: 'எல்லாரும் பி1 நிலைக்கு வர வேண்டும்.'

இது ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பதிவு அன்று. வேலையிடத்து ஆங்கில வகுப்புகளில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்த மாதிரி நேர்வு. எண்களை உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் இத்தகைய பாடத்திட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் சரிகின்றன. பி1 என்பது மொழித் திறனை அளக்க ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகத்தின் ஆறு நிலைகளில் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2) மூன்றாவது. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் தோராயக் கணக்குப்படி, தொடக்கத்திலிருந்து ஏ2-ஐ எட்ட 180 முதல் 200 மணி நேர வழிகாட்டப்பட்ட கற்றல் தேவை. பி1-க்கு 350 முதல் 400. அதாவது ஏ2-வில் இருப்பவர் பி1-க்குப் போக இன்னும் 150 முதல் 200 மணி நேரம் வேண்டும். கையில் இருப்பது 36. இந்த எண்ணை முதல் கூட்டத்திலேயே நிர்வாகத்தின் முன் வைத்துவிட வேண்டும். வைக்காமல் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று தலையாட்டினால், வகுப்பு நன்றாகவே நடந்தாலும் முடிவில் தோல்வி என்றுதான் பேர் வரும்.

அந்த 36-உம் முழுசாகக் கிடைக்காது. மொத்தம் 24 வகுப்பு. நுழைவு மதிப்பீட்டுக்கு 1, இடைக்கால மதிப்பீட்டுக்கு 1, இறுதிக்கு 2 போனால் மீதி 20. விட்டதைப் பிடிக்க 2 வகுப்பை வெற்றாக வைத்தால் 18. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் வந்து உட்கார்ந்து மூச்சுவிட ஒவ்வொரு வகுப்பிலும் 10 நிமிடம் கழியும். 18 வகுப்பு, 80 நிமிடம் வீதம், மொத்தம் 24 மணி நேரம். இதில் மூன்றில் ஒரு பங்கு, 8 மணி நேரம், ஏற்கெனவே படித்ததைத் திரும்பக் கொண்டுவரப் போய்விடும். புதிதாகச் சொல்லித்தரக் கிடைப்பது 16 மணி நேரம். பாடத்திட்டம் எழுதுவது இந்த 16-க்குத்தான்.

முதல் வரைவும் அது ஏன் நிற்காது என்பதும்

இப்படி ஒரு வகுப்பு என்றதும் முதலில் கைக்கு வருவது இலக்கண வரிசைதான். முதல் வாரம் சொல்வகைகள், இரண்டாவது வாரம் 'ஈஸ், ஆர், வாஸ்', மூன்றில் நிகழ்காலம், இப்படியே போய் பன்னிரண்டாவது வாரம் செயப்பாட்டு வினையும் அயற்கூற்றும். தாளில் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் இந்த வரிசையைத்தான் இவர்கள் பள்ளியில் ஆண்டுதோறும் படித்தார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பாதிப்பேர் சரியாகவே நிரப்புவார்கள். தொலைபேசி மணி அடித்தால் பக்கத்து மேசைக்காரரைப் பார்ப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கற்பிக்கும் வரிசையில் இலக்கணம் மனத்தில் இறங்குவதில்லை. 'ஷி ஒர்க்ஸ்' என்பதில் கடைசியில் வரும் 'எஸ்' இலக்கணப் புத்தகங்களில் ஆரம்பப் பக்கங்களிலேயே இருக்கும். பேச்சில் அது மிகத் தாமதமாகவே நிலைக்கும். 'ஐஎன்ஜி' வடிவம் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். 1970-களிலிருந்து பல ஆய்வுகள் இதையே காட்டியிருக்கின்றன. அந்த 'எஸ்'ஸுக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் மூன்று மணி நேரம் போகும், எஸ் வராது.

தேவையைக் கேட்பதும் பார்ப்பதும்

தேவைப் பகுப்பாய்வு என்றால் ஒரு படிவம் அடித்துக் கொடுத்து நிரப்பி வாங்குவது என்றே பல இடங்களில் வழக்கம். அந்தப் படிவம் விருப்பத்தை மட்டும் சொல்லும். ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர்கள் ஹட்சின்சனும் வாட்டர்ஸும் 1987-இல் பிரித்துக் காட்டிய மூன்றும் தனித்தனி: வேலைக்குக் கட்டாயம் வேண்டியது, இப்போது இல்லாதது, கற்பவர் ஆசைப்படுவது. இந்த நேர்வில் மூன்றும் மூன்று திசை. மேற்பார்வையாளரைக் கேட்டால் 'கிராமர் சரியில்லை' என்பார். பணியாளர்களைக் கேட்டால் 'சரளமாகப் பேச வேண்டும்' என்பார்கள். மேசைக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் தெரிவது வேறு: எண்ணும் பெயரும் காதில் விழவில்லை, விழாதபோது திரும்பக் கேட்கத் தெரியவில்லை.

உதாரணமாக, அழைப்பவர் 'தர்ட்டீன்' என்கிறார், இவர் 30 என்று எழுதுகிறார். 'தர்ட்டீன்' என்பதில் அழுத்தம் வழக்கமாகப் பின்பகுதியில், 'தர்ட்டி'யில் முன்பகுதியில். தொலைபேசியில் கடைசி ஒலி மங்கிவிடுவதால் அந்த அழுத்தமே முக்கியத் துப்பு. இதற்கு உச்சரிப்புப் பாடம் நடத்துவதைவிட, 'ஒன் த்ரீ, ரைட்?' என்று இலக்கம் இலக்கமாகத் திரும்பச் சொல்லும் பழக்கத்தை ஏற்றுவது விரைவில் பலன் தரும். எழுத்துகளிலும் இதே கதை: எம்மும் என்னும், பியும் டியும், எஃப்பும் எஸ்ஸும் தொலைபேசியில் ஒன்றாகவே கேட்கும். 'எம் ஃபார் மதர்' என்று எழுத்துக்கு ஒரு சொல் வைத்துச் சொல்லும் பட்டியல் ஒன்று மேசையில் ஒட்டியிருந்தால் போதும்.

மூன்று பிரிவுகளிலும் இப்படிப் பார்த்து, கூடவே புழக்கத்தில் இருக்கும் படிவங்களையும் ஷிஃப்ட் மாறும்போது எழுதும் குறிப்புகளையும் சேர்த்தால், ஆங்கிலம் தேவைப்படும் சூழல்கள் இருபதுக்கு மேல் தேறும். 16 மணி நேரத்தில் இருபது ஓடாது. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: எவ்வளவு அடிக்கடி வருகிறது, தப்பினால் எவ்வளவு நஷ்டம், வகுப்பில் திருத்த முடியுமா. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்க வேண்டும். பெயரும் எண்ணும் குறித்துக்கொள்வது 27 வாங்கும். பார்வையாளரோடு பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பது 2 பெருக்கல் 1 பெருக்கல் 2, ஆக 4. புகார்க் கடிதத்துக்குப் பதில் எழுதுவது 1, 3, 1 என்று போய் 3-இல் நிற்கும். தப்பினால் பெரிய விஷயம்தான், ஆனால் அதை மேலாளர் எழுதட்டும். கூட்டாமல் பெருக்குவதற்குக் காரணம் உண்டு. கூட்டினால் ஒரு கேள்வியில் சுத்தமாகத் தோற்ற சூழல்கூட நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மேலே நின்றவை ஒன்பது. புரியாதபோது திரும்பக் கேட்பது. பெயர், எண் குறிப்பது. நேரம் ஒதுக்குவதும் மாற்றுவதும். கட்டடத்துக்குள் வழி சொல்வது. காத்திருக்கச் சொல்லித் தாமதத்துக்குக் காரணம் கூறுவது. பில்லில் உள்ளதை விளக்குவது. ஷிஃப்ட் குறிப்பு எழுதுவது. கோபத்தில் இருப்பவரைத் தணித்து மேற்பார்வையாளரிடம் அனுப்புவது. வேறு பிரிவுக்கு நாலு வரி மின்னஞ்சல். ஒன்றுக்கு இரண்டு வகுப்பு, ஆக 18. முதல் ஐந்தும் 2 முதல் 11 வரையான வகுப்புகளில். 12 வெற்று, 13 இடைக்கால மதிப்பீடு. மீதி நான்கும் 14 முதல் 21 வரை. 22 மறுபடி வெற்று, 23-உம் 24-உம் இறுதி.

திரும்பக் கேட்பதை முதலில் வைத்தது தற்செயல் அன்று. 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?', 'குட் யூ ஸ்பீக் எ லிட்டில் மோர் ஸ்லோலி?' போன்ற ஐந்தாறு வாக்கியம் வந்துவிட்டால், மீதிப் பதினொரு வாரமும் வகுப்பிலேயே அவை புழங்கும். எட்டாவது வாரத்தில் வைத்தால் அந்த லாபம் போச்சு.

நுழைவு மதிப்பீடு

ஒருவருக்கு 5 நிமிட நேர்முகம். 16 பேருக்கு 80 நிமிடம். ஒரே வகுப்பில் முடியும், மற்றவர்கள் அதே நேரத்தில் எழுத்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். 1 நிமிடம் அறிமுகம், 2 நிமிடம் ஆசிரியர் சொல்லும் பெயரையும் எண்ணையும் தேதியையும் குறிப்பது, 2 நிமிடம் ஒரு சின்ன ரோல் பிளே, அதாவது அட்டையில் உள்ள சூழலைப் பாத்திரம் ஏற்றுப் பேசிக்காட்டுவது. இறுதியிலும் இதே அமைப்புதான், அட்டைகள் மட்டும் வேறு. தொடக்கத்தில் ஒரு வகைத் தேர்வும் முடிவில் வேறு வகைத் தேர்வும் வைத்துவிட்டு 'முன்னேற்றம்' என்று அறிக்கை எழுதுவது பரவலாக நடக்கும் அபத்தம்.

நம் குழுவில் ஏ1 5 பேர், ஏ2 8 பேர், பி1 3 பேர் என்று கொள்வோம். தனித்தனிப் பிரிவாக நடத்த வழியில்லை. எல்லாருக்கும் ஒரே சூழல், அட்டையில் மட்டும் வித்தியாசம்: ஏ1-க்கு வாக்கியத்தின் முதல் சொற்கள் அச்சிட்டிருக்கும், ஏ2-க்கு குறிப்புச் சொற்கள், பி1-க்கு அழைப்பவர் பாத்திரம், அதிலும் வேகமாகப் பேசும், இடையில் மனம் மாறும் அழைப்பாளர். பி1-காரர்களை 'உதவி ஆசிரியர்' ஆக்கிவிடுவது சுலபமான வழி. இரண்டு வாரம் பெருமையாக இருப்பார்கள், பிறகு வரமாட்டார்கள். அவர்களும் படிக்கத்தான் வந்தவர்கள்.

இலக்கணத்தில் எதை எடுப்பது, எதை விடுவது

சூழலுக்கு வேண்டிய இலக்கணம் மட்டும், அந்தச் சூழல் வரும் வாரத்தில். நேரம் ஒதுக்கும்போது 'ஆன் மண்டே, அட் டென், இன் மார்ச்'. ஷிஃப்ட் குறிப்பில் இறந்தகாலமும் 'ரிப்போர்ட் வாஸ் சென்ட்' போன்ற செயப்பாட்டு வினையும். அதே குறிப்பில் தமிழ் வாக்கிய அமைப்பு குறுக்கே வந்து நிற்கும். 'நேற்று வந்த நோயாளி' என்பதில் விவரம் பெயருக்கு முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் 'த பேஷன்ட் ஹூ கேம் யெஸ்டர்டே' என்று பின்னால். இதைச் சொல்லாமல் விட்டால் 'யெஸ்டர்டே கேம் பேஷன்ட்' என்று எழுதுவார்கள், படிப்பவருக்கு யார் வந்தார், எப்போது என்பதே குழம்பும். இதற்கு 20 நிமிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

மரியாதை இன்னொரு இடம். தமிழில் 'உட்காருங்க', 'கொஞ்சம் வெயிட் பண்ணுங்க' என்பதில் விகுதியே பணிவைச் சுமக்கிறது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'சிட்', 'யூ வெயிட்' என்று வந்து விழும். பேசுபவர் மனதில் பணிவுதான். கேட்பவர் காதில் அதட்டல். ஐந்தாவது சூழலின் பாதி வேலை 'குட் யூ', 'உட் யூ மைண்ட்', 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' ஆகிய மூன்றைப் பழக்குவதுதான். கேள்வி அமைப்பையும், அதாவது 'வேர் யூ ஆர் கோயிங்?' என்பதையும், தொடர்ந்து திருத்த வேண்டும்.

விடுபவை: 'ஏ', 'த' என்னும் சுட்டிடைச் சொற்கள், 'ஐ ஆம் ஹேவிங்' போன்ற வடிவங்கள், மேலே சொன்ன 'எஸ்'. இவற்றால் நோயாளி தவறான மாடிக்குப் போவதில்லை. மேற்பார்வையாளர் இதை ஏற்க மாட்டார். அவருக்குக் காதில் உறுத்துவது இவைதான். அதனால் விட்டவற்றின் பட்டியலையும் பாடத்திட்டத்திலேயே எழுதி, காரணத்தோடு கொடுத்துவிடுவது நல்லது.

ஒரு வகுப்பு, கிட்டே இருந்து

ஆறாவது வகுப்பு: தொலைபேசியில் நேரம் மாற்றுவது. முதல் 10 நிமிடம் வந்து சேர. அடுத்த 10 நிமிடம், நோட்டை மூடிவைத்து, முந்தைய வகுப்புகளின் எட்டு வாக்கியங்களை நினைவிலிருந்து சொல்வது. பிறகு 15 நிமிடம் ஓர் அழைப்பின் ஒலிப்பதிவு. முதல் முறை யார், எதற்காக என்பது மட்டும்; இரண்டாவது முறை படிவத்தில் பெயர், எண், பழைய தேதி, புதிய தேதி; மூன்றாவது முறை எழுத்துப் பிரதியோடு. ஸ்டுடியோவில் பதிந்த துல்லியமான குரல் இங்கே உதவாது. பின்னணியில் இரைச்சலோடு கைபேசியில் பதிந்ததே சரி.

10 நிமிடம் பிரதியில் பயன்படும் ஐந்து வாக்கியங்களைப் பிரித்துப் பார்ப்பது. 10 நிமிடம் சேர்ந்து சொல்லிப் பழகுவது. அதன்பின் 25 நிமிடம் ரோல் பிளே. இருவரும் முதுகுக்கு முதுகு உட்கார வேண்டும்; முகம் தெரிந்தால் சைகையால் சமாளித்துவிடுவார்கள். ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவர் அட்டையில் இருக்கக்கூடாது, இருந்தால் கேட்கவே தேவையில்லாமல் போய்விடும். மூன்று முறை ஜோடி மாற்றம், மூன்றாவதில் ஒரு தடங்கல்: கேட்ட நாளில் மருத்துவர் இல்லை. கடைசி 10 நிமிடம் பின்னூட்டம், அதில் மூன்று தவறுக்கு மேல் எடுப்பதில்லை.

இந்த வகுப்பு பிசகுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். ஐந்து வாக்கியத்தைப் பார்க்கும் 10 நிமிடம் 30 ஆகிவிடும். யாரோ 'குட்'டுக்கும் 'கேன்'னுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார், ஆசிரியர் பலகைக்குத் திரும்புவார், ரோல் பிளே 5 நிமிடத்துக்குச் சுருங்கும். பாடக்குறிப்பில் ரோல் பிளே தொடங்கும் நேரத்தைக் கடிகார நேரமாகவே எழுதி, அதைத் தாண்டினால் விளக்கம் எங்கே நிற்கிறதோ அங்கேயே விட்டுவிட வேண்டும். தமிழில் பேசுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். அட்டையைப் புரிந்துகொள்ள, திட்டம் போட, சந்தேகம் கேட்கத் தமிழ் இருக்கட்டும். 'ஹலோ' சொன்ன பிறகு ஆங்கிலம்.

வேகம் கூட்ட 4/3/2 முறை பயன்படும்: ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3, மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில் சொல்வது. தொலைபேசி உரையாடலுக்கு ஒத்துவராது, பில் விளக்கும் வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும். ஏ1-காரர்களுக்கு 4 நிமிடம் பேச விஷயம் இருக்காது. அவர்களுக்கு 2, 1½, 1.

திரும்ப வரும் நெடுவரிசை

ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் தன்னையே சோதித்து வெளியிட்ட மறதி வளைவு தொடங்கி இன்றுவரை ஒரு விஷயத்தில் சண்டையில்லை: ஒரே நாளில் பத்து முறை படிப்பதைவிட இடைவெளி விட்டுச் சில முறை நினைவுகூர்வது நிலைக்கும். ஆனாலும் பாடத்திட்ட அட்டவணைகளில் இதற்கு ஒரு கட்டம் இருப்பதைக் காண்பது அரிது. 'ரிவிஷன்' என்று கடைசி வாரத்தில் மொத்தமாகக் கொட்டுவார்கள்.

வகுப்புக்கு 8 புதிய வாக்கியம் அல்லது சொல், 18 வகுப்புக்கு 144. இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். அட்டவணையில் 'புதியது' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'திரும்புவது' என்று ஒன்று போட்டு, முந்தைய வகுப்பு, ஒரு வாரத்துக்கு முந்தையது, மூன்று வாரத்துக்கு முந்தையது ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்து நிரப்ப வேண்டும். 9-ஆம் வகுப்பில் 8, 7, 3 ஆகியவற்றிலிருந்து வரும். வகுப்பு தொடங்கும்முன் 24 வரிக்கும் இதை எழுதிவிட்டால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை. அவ்வப்போது எழுதலாம் என்று விட்டால் நான்காவது வாரத்தில் நின்றுவிடும்.

வீட்டுவேலை நாளுக்கு 10 நிமிடம். கைபேசியில் ஒரு நிமிடம் தன் குரலைப் பதிந்து கேட்பது, சட்டைப்பையில் அடங்கும் அட்டையில் உள்ள வாக்கியங்களைப் பார்க்காமல் சொல்வது. ஷிஃப்ட் வேலைக்காரர்களிடம் கட்டுரை எழுதி வா என்றால் எழுத மாட்டார்கள், எழுதாத வெட்கத்தில் வகுப்புக்கும் வரமாட்டார்கள்.

வருகை

ஷிஃப்ட் மாறுவதால் 16 பேரும் ஒன்றாக இருக்கும் நாள் குறைவு. 11, 12 பேர் என்று திட்டமிடுவதே யதார்த்தம். அதனால் ஒரு சூழலின் இரண்டு வகுப்பும் சங்கிலி போல் இணையக்கூடாது. முதல் வகுப்பில் சூழலை அறிமுகப்படுத்தி, இரண்டாவதில் அதையே கடினமான நிலைமையில் மறுபடி நடத்தினால், ஒன்றைத் தவறவிட்டவரும் கையில் எதையாவது கொண்டுபோவார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் வந்தால் என்ன செய்வது என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும்: மூன்றாமவர் கேட்டுப் படிவம் நிரப்புவார், அடுத்த சுற்றில் பாத்திரம் மாறும்.

மதிப்பீடு

நான்கு படி போதும். 0: வேலை முடியவில்லை. 1: பிறர் உதவியோடு முடிந்தது. 2: தானே முடித்தார், இடையில் சிக்கித் திரும்பக் கேட்டுச் சரிசெய்துகொண்டார். 3: தடையில்லாமல் முடித்தார். இலக்கணத்துக்குத் தனி மதிப்பெண் இல்லை. 2-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாட்டில் ஆசிரியர்கள் தடுமாறுவார்கள். உச்சரிப்பு அழகாக இருந்தால் கை தானாக 3 போடும், எண் தப்பாக எழுதியிருந்தாலும். படிவத்தில் எழுதியதை முதலில் சரிபார்த்துவிட்டு மதிப்பெண் போட்டால் இது குறையும். கற்பவர் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து, நான்கைந்து பதிவுகளை இன்னொரு ஆசிரியர் தனியாக மதிப்பிட்டு ஒப்பிடுவதும் உதவும்.

13-ஆம் வகுப்பின் மதிப்பீடு முடிவெடுப்பதற்கானது. விதியை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்: ஒரு சூழலில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் 2-ஐ எட்டவில்லை என்றால், 22-ஆம் வகுப்பு அதற்கு. இரண்டு சூழலில் அப்படி என்றால், மின்னஞ்சல் என்ற சூழல் கைவிடப்படும். அதன் 20, 21 வகுப்புகள் இரண்டாவது சூழலுக்கு. எதைக் கைவிடுவது என்று வாரம் ஒன்றிலேயே எழுதவில்லை என்றால் யாரும் எதையும் கைவிட மாட்டார்கள். எல்லாவற்றையும் அவசரமாகத் தொட்டுவிட்டு 'போர்ஷன் முடிந்தது' என்பார்கள்.

நிர்வாகத்துக்கான இறுதி அறிக்கை ஒரு பக்கம். சூழல் ஒன்பதும் வரிசையாக, நுழைவின்போது எத்தனை பேர் 2-ஐ எட்டியிருந்தார்கள், முடிவில் எத்தனை பேர் என்பது மட்டும். மின்னஞ்சல் கைவிடப்பட்டிருந்தால் அந்த வரி வெற்றாகவே இருக்கட்டும். பி1 என்ற சொல் வரும் இடம் ஒன்றுதான்: இதே வேகத்தில், வாரம் 3 மணி நேரம் வீதம், ஏ2-வில் இருக்கும் 8 பேர் அங்கே போக ஏறத்தாழ ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும் என்ற கணக்கு. நான்கு வாரம் கழித்து, எண் குறிப்பதற்கும் நேரம் மாற்றுவதற்கும் மட்டும் ஆளுக்கு 5 நிமிட மறுமதிப்பீடு ஒன்றுக்கு அறிக்கையிலேயே தேதி கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.